குரூஸ் கப்பலில் ‘ஸ்பெஷாலிட்டி டைனிங் பேக்கேஜ்’: யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்?

கப்பல் டிக்கெட்டிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம். அப்புறம் எதற்குத் தனியாக ஒரு சாப்பாட்டு பேக்கேஜ்? வாங்கினால் லாபம் வருமா? வாங்கியவர்கள் அதை முழுசாகப் பயன்படுத்துவது எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வேலை பார்க்கும் இளம் ஜோடிகளின் வாட்ஸ்அப் குரூப்களில் இப்போது அடிக்கடி வரும் பேச்சு: “இந்த வருஷம் கோவா வேணாம்பா, குரூஸ் போலாம்.” சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பல் கிளம்புகிறது. கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தால், நாலு மணி நேர விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து பெரிய கப்பலே ஏறலாம். பல பேருக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். சிலருக்கு டிக்கெட்டே இ.எம்.ஐ.யில்தான்.

புக்கிங் முடிந்த கையோடு மெயில்கள் வர ஆரம்பிக்கும். வைஃபை பேக்கேஜ், டிரிங்க்ஸ் பேக்கேஜ், அப்புறம் இந்த டைனிங் பேக்கேஜ். ‘இப்போதே வாங்கினால் 30 சதவீதம் தள்ளுபடி’ என்று சிவப்பு எழுத்தில் மின்னும். அந்த பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் இதைப் படித்துவிடுங்கள்.

ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட் என்றால் என்ன?

குரூஸ் கப்பலில் சாப்பிடும் இடங்கள் இரண்டு வகை. முதல் வகை, டிக்கெட்டோடு வருபவை. மேஜையில் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்துச் சாப்பிடும் பெரிய டைனிங் ஹால், தட்டை எடுத்துக்கொண்டு போய் நாமே போட்டுக்கொள்ளும் பஃபே, பீட்சா, ஐஸ்கிரீம் கவுன்டர்கள். இங்கே பில்லே வராது.

இரண்டாவது வகைதான் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட். இத்தாலியன், ஜப்பானிய சுஷி, ஸ்டேக் ஹவுஸ் என்று ஒரே வகை உணவை மட்டும் சமைக்கும் சின்ன உணவகங்கள். கூட்டம் குறைவு. கவனிப்பு அதிகம். உள்ளே போக ஒரு தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், அல்லது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனி விலை.

இந்தக் கட்டணங்களை மொத்தமாகச் சேர்த்து, கொஞ்சம் குறைத்து முன்கூட்டியே விற்பதுதான் டைனிங் பேக்கேஜ்.

இங்கே மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு டிக்கெட்டிலேயே காசு கொடுத்தாகிவிட்டது. ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்டில் உட்காரும் ஒவ்வொரு ராத்திரியும், அதே சாப்பாட்டுக்கு இரண்டாவது முறை காசு கொடுக்கிறோம். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் எதிர்த்த ஹோட்டலுக்குப் போவது மாதிரி. போகக் கூடாது என்பதில்லை. அந்த ஹோட்டலில் பந்தியில் கிடைக்காத ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டைட்டானிக்கில் கழிவு கொடுத்தார்கள்!

இந்த இரட்டைச் செலவு விஷயம் நூறு வருஷத்துக்கு முன்பே கப்பல் கம்பெனிகளுக்குத் தெரியும். 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கில், பெரிய டைனிங் ஹால் தவிர, முதல் வகுப்புப் பயணிகளுக்குத் தனிக் கட்டண ‘அ லா கார்ட்’ உணவகம் ஒன்று இருந்தது. லூய்ஜி காட்டி என்ற இத்தாலியர் நடத்தினார். பயணம் முழுக்க அங்கேயேதான் சாப்பிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லும் பயணிக்கு, ஒயிட் ஸ்டார் நிறுவனம் டிக்கெட் கட்டணத்தில் ஒரு தொகையைக் கழித்துக்கொடுத்தது. ‘எங்கள் டைனிங் ஹாலில் நீங்கள் சாப்பிடவில்லை, அந்தக் காசு உங்களுக்கு’ என்ற நியாயம்.

இன்றைய கப்பல்களில் அந்தக் கழிவு கிடையாது. காரணம், கப்பலுக்குள் நாம் செய்யும் செலவே அவர்களுக்குப் பெரிய வருமானம். ராயல் கரீபியன் குழுமத்தின் 2023-ஆம் ஆண்டு வருவாய் சுமார் 1,390 கோடி டாலர். அதில் சுமார் 433 கோடி டாலர், அதாவது 31 சதவீதம், டிக்கெட்டுக்கு வெளியே வந்தது. மதுபானம், கேசினோ, வைஃபை, கரைச் சுற்றுலா, இந்த ஸ்பெஷாலிட்டி சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். மெயில் மேல் மெயில் ஏன் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

சென்னையில் கிளம்பும் கப்பலுக்கு பேக்கேஜ் தேவையா?

சென்னையிலிருந்து கொர்டேலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் சேவையை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2022 ஜூன் 4 அன்று தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. மும்பைப் பக்கம் பருவமழை வலுக்கும் மாதங்களில்தான் இந்தக் கப்பல் கிழக்குக் கரைக்கு வரும். ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷன். துறைமுகம் அதற்குப் பக்கத்திலேயே.

எம்ப்ரஸ் 1990-ல் கட்டப்பட்ட, நடுத்தர அளவுக் கப்பல். ஸ்டார்லைட் என்ற டைனிங் ஹாலும், ஃபுட் கோர்ட்டும் டிக்கெட்டில் அடக்கம். ஜெயின் உணவும் உண்டு. ‘சாப்ஸ்டிக்ஸ்’ மாதிரியான ஆசிய உணவகத்துக்குத் தனிக் காசு.

சென்னைப் பயணங்களில் குறுகியது 2 இரவு. அதாவது மொத்தமே 2 டின்னர். முதல் நாள் டின்னர், கப்பலைச் சுற்றிப்பார்க்கும் பரபரப்பில் போய்விடும். அடுத்த நாள் ஒன்றுதான் நிதானமான டின்னர். அந்த ஒன்றுக்கு பேக்கேஜ் எதற்கு? ஆசை இருந்தால் ஒரு வேளைக்கு மட்டும் டேபிள் போடுங்கள். நம்ம ஊர்ச் சாப்பாட்டையும் மெனுவில் வைத்திருக்கும் கப்பல் இது. அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் டிக்கெட்டோடு வரும் சாப்பாடே போதும்.

இந்த நிலை கொஞ்சம் மாறலாம். நார்வேஜியன் நிறுவனத்தின் ஸ்கை, சன் என்ற இரண்டு கப்பல்களை கொர்டேலியா எடுத்து இயக்கும் ஒப்பந்தம் 2025-ல் அறிவிக்கப்பட்டது. இரண்டுமே எம்ப்ரஸைவிடப் பெரியவை. உணவகங்களும் அதிகம் இருக்கும். பேக்கேஜ் விற்பனையும் அதிகமாகும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

சிங்கப்பூர் கப்பல்களில் என்னென்ன பேக்கேஜ்?

பேக்கேஜ் என்ற கேள்வி நிஜமாக எழுவது இங்கேதான். ராயல் கரீபியனின் ஸ்பெக்ட்ரம், ஆந்தம் போன்ற கப்பல்கள் வெவ்வேறு சீசன்களில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் ஓடியிருக்கின்றன. பெரும்பாலும் 3 முதல் 5 இரவுப் பயணங்கள். 2022 ஜூனிலிருந்து ‘கென்டிங் ட்ரீம்’ கப்பலும் அங்கிருந்து போகிறது.

பேக்கேஜ்கள் பொதுவாக மூன்று மாதிரி:

• எண்ணிக்கை பேக்கேஜ்: 2 வேளை, 3 வேளை என்று எண்ணி வாங்குவது. நார்வேஜியன் கப்பல்களில் இதுதான் முறை.

• அன்லிமிடெட் பேக்கேஜ்: பயணம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும். ராயல் கரீபியனில் இது பிரபலம். எல்லா ராத்திரியும் டின்னர். கப்பல் கரை தொடாமல் கடலிலேயே இருக்கும் நாளில் மதியச் சாப்பாடும் சேரும்.

• ஒன்று பிளஸ் ஒன்று: கப்பலின் ஸ்டேக் ஹவுஸில் ஒரு வேளை, வேறு ஒரு உணவகத்தில் ஒரு வேளை.

‘அன்லிமிடெட்’ என்ற வார்த்தையை நம்பி மயங்க வேண்டாம். சுஷி மாதிரி ஐட்டத்துக்கு ஐட்டம் விலை வைக்கும் இடங்களில், ஒரு குறிப்பிட்ட தொகை வரைதான் பேக்கேஜ் தாங்கும். அதற்கு மேல் போனால் பில் வரும். சமையல்காரரே பக்கத்தில் நின்று பரிமாறும் ‘செஃப்ஸ் டேபிள்’ போன்றவை பல நேரம் பேக்கேஜுக்கு வெளியே இருக்கும். நார்வேஜியனில் ஒரு வேளைக்கு ஒரு மெயின் என்பதுதான் கணக்கு. இன்னொரு மெயின் கேட்டால் தனிக் காசு.

முதலில் ராத்திரிகளை எண்ணுங்கள்

பேக்கேஜின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் கையில் நிஜமாகவே எத்தனை டின்னர் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

4 இரவுப் பயணத்தில் 4 டின்னர் என்று தோன்றும். முதல் நாள்? சென்னையில் நடுராத்திரி விமானம் பிடித்து, தூக்கமில்லாமல் வந்து, பாதுகாப்பு டிரில் முடித்து, பெட்டி வந்ததா என்று பார்த்து உட்காரும்போது, கிடைப்பதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் போதும் என்றிருக்கும். புக்கெட்டில் இறங்கும் நாள்? கரையில் மதியம் நன்றாகக் கடல் மீன் சாப்பிட்டுவிட்டு வந்தால், ராத்திரி அதே பசி இருக்குமா? பெரிய ஷோவை எந்த ராத்திரி பார்ப்பது? அதுவும் டின்னர் நேரத்தில்தான் வரும்.

இதையெல்லாம் கழித்தால் நிதானமான டின்னர் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். கடைசி நாள் காலையில் இறங்கிவிடுவோம். அது கணக்கிலேயே வராது.

இப்போது கணக்கு

கணக்குப் புரிவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். உங்கள் கப்பலின் விலையை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

தனி டின்னர் 50 டாலர், தனி லஞ்ச் 25 டாலர், 4 இரவு அன்லிமிடெட் பேக்கேஜ் 180 டாலர். எல்லாமே ஒருவருக்கு. இதற்கு மேல் 18 சதவீதம் டிப்ஸ்.

முதலில் 180-ஐ 50-ஆல் வகுங்கள். 3.6 வரும். அதாவது 4 டின்னர் அங்கேயே சாப்பிட்டால்தான் பேக்கேஜ் கட்டுப்படியாகும்.

• 4 டின்னர், 1 லஞ்ச் சாப்பிடுபவர்: தனியாக வாங்கினால் டிப்ஸோடு 265.50 டாலர். பேக்கேஜில் 212.40 டாலர். சுமார் 53 டாலர் மிச்சம்.

• 2 டின்னர் மட்டும் சாப்பிடுபவர்: தனியாக வாங்கினால் 118 டாலர். பேக்கேஜ் எடுத்தால் அதே 212.40 டாலர். சுமார் 94 டாலர் வீண்.

ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது ஜோடிக்கு வீணாகும் தொகை சுமார் 17,000 ரூபாய். திரும்பி வந்து இ.எம்.ஐ. கட்டும்போதுதான் இந்த எண் உறைக்கும்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. காசு கொடுத்துவிட்டோம் என்பதற்காகவே பசிக்காமல் சாப்பிடுவது. “பேக்கேஜ் இருக்கே, விடக் கூடாது” என்று மதியம் மூன்று கோர்ஸ், ராத்திரி நாலு கோர்ஸ். மூன்றாவது நாள் ஜெலுசில் தேடுவார்கள். கட்டிய காசு எப்படியும் திரும்பாது. பசி இல்லாத ராத்திரி, டெக்கில் நடந்துவிட்டு ஒரு பழத்தோடு படுத்தால் எதுவும் குறைந்துவிடாது.

சைவமா? மாட்டிறைச்சி சாப்பிடாதவரா?

நம்ம ஊர்ப் பயணிகளுக்கு இதுதான் பெரிய கேள்வி. கப்பல் பேக்கேஜின் மதிப்பைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் ஸ்டேக் ஹவுஸ்தான். அங்கே விலை உயர்ந்த ஐட்டம் எல்லாம் மாட்டிறைச்சி. அதைச் சாப்பிடாதவருக்கு மீன், கோழி என்று ஒன்றிரண்டு இருக்கும். முழுச் சைவருக்கு உருளைக்கிழங்கு, காளான், சாலட் மாதிரி சைடு டிஷ்களே டின்னர் ஆகிவிடும். கட்டணம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அதே நேரம், பணம் வாங்காத பெரிய டைனிங் ஹாலில் சைவர்களுக்கு நிலைமை பரவாயில்லை. ராயல் கரீபியன் டைனிங் ஹாலில் இந்திய சைவ உணவு கேட்டால் கிடைக்கும். முதல் ராத்திரியே உங்கள் மேஜையைக் கவனிக்கும் ஹெட் வெயிட்டரிடம் சொல்லிவிட்டால், அடுத்த நாளிலிருந்து தனியாகவே செய்து தருவார்கள். ஜெயின் உணவு வேண்டுமென்றால் புக்கிங்கின்போதே பதிவு செய்ய வேண்டும். கென்டிங் ட்ரீமில் ஹலால் உணவும், சைவ, ஜெயின் உணவும் கிடைக்கும்.

சைவர்கள் ஆசைக்கு ஒரு முறை போக நினைத்தால், ஸ்டேக் ஹவுஸைவிட இத்தாலியன் நல்ல தேர்வு. பாஸ்தா, சீஸ், டெசர்ட் என்று வயிறார ஏதாவது இருக்கும். சூடான இரும்புத் தட்டில் கண் முன்னால் சமைக்கும் ஜப்பானிய ‘தெப்பன்யாகி’யில் எல்லாம் ஒரே தட்டில்தான் வேகும். தனியாகச் சமைப்பார்களா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

வீட்டில் ஒருவர் அசைவம், ஒருவர் சைவம் என்றால் இரண்டு பேருக்கும் பேக்கேஜ் எடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் எண்ணிக்கை பேக்கேஜோ, ஒரே ஒரு தனி டின்னரோ போதும்.

வாங்கியாச்சு. முழுசாகப் பயன்படுத்துவது எப்படி?

1. கப்பல் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் டேபிள் பிடியுங்கள். பேக்கேஜ் வாங்கினால் டேபிள் தானாக வராது. அது தனி வேலை. ராயல் கரீபியனில் அன்லிமிடெட் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் முதல் நாளுக்கு ஏதாவது ஒரு நேரத்தில் ஒரு முன்பதிவு விழுந்திருக்கும். அது பேருக்குத்தான். ஏறியதும் ஏதாவது ஒரு ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்டுக்கு நேரில் போய் எல்லா ராத்திரிக்கும் நேரம் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் பஃபேயில் வரிசை நிற்கும் நேரம் இதற்குச் சரியான நேரம்.

2. முதலில் ஷோ, அப்புறம் டின்னர். கப்பல் ஆப்பில் ஷோ நேரங்களைப் பார்த்து புக் செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் டேபிள் போடுங்கள். ஸ்பெஷாலிட்டி டின்னர் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இழுக்கும்.

3. கடல் நாளில் லஞ்ச் சேர்த்தியா என்று பாருங்கள். அன்லிமிடெட் பேக்கேஜின் உண்மையான லாபம் இங்கேதான். பலருக்கு இது இருப்பதே தெரியாது.

4. விலை அதிகமான உணவகத்தில் பேக்கேஜைப் பயன்படுத்துங்கள். எண்ணிக்கை பேக்கேஜ் என்றால் 25 டாலர் இடத்தில் ஒரு வேளையைக் கழிக்காதீர்கள்.

5. கைபேசி நேரத்தை நம்பாதீர்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் போன் நேரம் தானாக மாறிவிடும். கப்பல் நேரம் மாறாமல் இருக்கலாம். டேபிளுக்கு ஒரு மணி நேரம் லேட்டாகப் போய் நிற்பீர்கள்.

6. வர முடியாவிட்டால் முன்னாடியே கேன்சல் செய்யுங்கள். சொல்லாமல் விட்டால் பல கப்பல்களில் அபராதம் உண்டு.

7. உடை விஷயம். ஷார்ட்ஸ், பனியன், ரப்பர் செருப்போடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். ஒரு காலர் சட்டையும் ஒரு முழு பேன்ட்டும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் ஒளிந்திருப்பவை

வெப்சைட்டில் தெரியும் விலை பெரும்பாலும் டிப்ஸ் சேர்க்காத விலை. ராயல் கரீபியனில் 18 சதவீதம், நார்வேஜியனில் 20 சதவீதம் மேலே ஏறும். தினசரி டிப்ஸ் என்று கேபின் கணக்கில் போடுவது வேறு. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று நம்ம ஊர் கார்டு. வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்தால், பல கிரெடிட் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை மார்க்அப், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடிப்பார்கள். 38,000 ரூபாய் பேக்கேஜுக்கு இதுவே சுமார் 1,570 ரூபாய். மார்க்அப் இல்லாத கார்டோ, ஃபாரெக்ஸ் கார்டோ இருந்தால் அதில் கட்டுங்கள்.

மதுபானம், பாட்டில் தண்ணீர், ஸ்பெஷல் காபி பெரும்பாலும் பேக்கேஜில் வராது. சின்னக் குழந்தைகளுக்குப் பல கப்பல்களில் கட்டணம் இல்லை, அல்லது குறைவு. அவர்களுக்குச் சேர்த்து முழு பேக்கேஜ் வாங்கிவிடாதீர்கள்.

எப்போது வாங்குவது?

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் பயணத்துக்கு முன்பே ஆன்லைனில் வாங்குவது பெரும்பாலும் மலிவு. விலை வாரத்துக்கு வாரம் ஏறும், இறங்கும். புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு வரை கேன்சல் செய்து பணம் திரும்பப் பெற முடியும் என்றால், இன்றே ஒரு விலைக்கு வாங்கிவைத்து, பிறகு குறைந்தால் கேன்சல் செய்து மறுபடி வாங்கலாம். கடைசித் தேதி எது என்று விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராவல் ஏஜென்ட் மூலம் புக் செய்கிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். பேக்கேஜ் ‘ஃப்ரீ’ என்றால் எத்தனை வேளை? டிப்ஸ் யார் கட்டுவது? பயன்படுத்தாத வேளைக்குப் பணம் திரும்புமா? பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவையுங்கள்.

சுருக்கமாக

• 2 இரவு சென்னைப் பயணம்: பேக்கேஜ் வேண்டாம். ஆசைக்கு ஒரு டின்னர்.

• 3, 4 இரவு சிங்கப்பூர்ப் பயணம்: இரண்டு வேளை எண்ணிக்கை பேக்கேஜ் அல்லது தனி டின்னர்.

• 5 இரவும் அதற்கு மேலும், கடல் நாட்கள் அதிகம், எல்லா அசைவமும் சாப்பிடுபவர்: அன்லிமிடெட் கட்டுப்படியாகலாம். வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

• சைவர்கள், பெற்றோரோடு போகிறவர்கள்: டைனிங் ஹாலே போதும்.

• கல்யாண நாள், பிறந்த நாள்: ஒரே ஒரு ராத்திரி, நல்ல உணவகம், ஜன்னல் ஓர டேபிள். பேக்கேஜைவிட இதுதான் ஞாபகத்தில் நிற்கும்.

மிச்சமாகும் பணத்துக்கு பினாங்கில் இறங்கித் தெருவோரக் கடைகளில் சாப்பிடுங்கள். உலகம் முழுக்கப் பேர்போன அந்தச் சாப்பாடு எந்தக் கப்பல் பேக்கேஜிலும் வராது.